முதலில் நிறுத்தப் பழக்கு

கொட்டகலை

அன்பு மகளுக்கு,

உருக்கு ஆலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைப் பழக்குவது இனி உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். மிஷினை ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஆள் நிறைய இருக்கும். நீ நிறுத்தச் சொல்லிக்கொடு.

பழுது பார்க்க எமர்ஜென்சி பட்டனை அழுத்தினால் போதும் என்றுதான் புதுசுகள் நினைக்கும். போதாது. மெயின் சுவிட்சை அணைத்து, அவனவன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்றால்தான் கை வைக்கலாம். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. கரண்ட் போனாலும் ஹைட்ராலிக் அழுத்தமும் தூக்கி நிற்கும் பாரமும் அப்படியே இருக்கும். அழுத்தத்தை இறக்கிவிட்டு, பாரத்துக்கு முட்டுக் கொடுக்கணும்.

உலைப் பக்கம் ஈரம்தான் எமன். உருகிய உருக்கு ஏறக்குறைய 1600 பாகை செல்சியஸ். நீர் ஆவியானால் 1600 மடங்குக்கு மேல் விரியும். மேலே சிந்திய துளி பெரும்பாலும் புகையாகப் போய்விடும். உருக்குக்கு அடியில் அகப்பட்டதுதான் வெடிக்கும். அதனால்தான் மழையில் நனைந்த பழைய இரும்பையும், உள்ளே ஈரம் தங்கக்கூடிய, வாய் மூடிய சிலிண்டரையும் ஷொக் அப்சோபரையும் பிரித்து ஒதுக்குகிறோம்; உருக்கு ஊற்றும் வாளியைச் சூடாக்கி உலர்த்துகிறோம். "ஈரம் போடாதே" என்று மட்டும் சொன்னால் ஒரு கிழமையில் மறந்துபோகும். காரணத்தை அவர்கள் வாயாலேயே சொல்ல வை.

கிரேனுக்கு ஒரே ஒரு கணக்குப் போட்டுக் காட்டு. 2 டன் பாரம், அதைக் கொக்கியில் மாட்டித் தூக்கும் கயிறு, அதாவது ஸ்லிங், இரண்டு. ஸ்லிங் கிடையிலிருந்து 60 பாகை சாய்வில் நின்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 1.15 டன் இழுவை. 30 பாகைக்குப் படுத்தால் ஒவ்வொன்றிலும் முழு 2 டன். பாரம் கூடாமலே ஸ்லிங் அறும்.

இரும்பைக் கம்பியாக உருட்டும் ரோலிங்கில், கம்பிக்கு வழிகாட்டும் கைட் தேய்ந்தாலோ, பில்லட் என்ற சூடான இரும்புக் கட்டையின் முனை ஆறிப்போனாலோ, செந்தணல் கம்பி தடம் தவறிப் பாம்பாய்ப் பாயும். பார்த்து ஓட நேரமில்லை. நிற்கக் கூடாத இடத்தைத் தரையிலேயே மஞ்சள் கோடு போட்டுக் காட்டு. பொலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டும். பருத்திதான் போட வேண்டும். காற்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும்.

இதையெல்லாம்விடக் கஷ்டம் ஒன்று இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு துரைக்கும் கங்காணிக்கும் "சரிங்க" சொல்லித்தான் பழக்கம். போர்மனைப் பார்த்து "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராது. "விளங்கிச்சா?" என்று கேட்காதே, எல்லாரும் தலையாட்டுவார்கள், செய்து காட்டச் சொல். நிறுத்தினவன் நினைத்தது தப்பாக இருந்தாலும் அவனை யாரும் ஏசக் கூடாது என்று போர்மன்மாரிடம் முன்கூட்டியே பேசி வை. ஒருவன் ஏச்சு வாங்கினால் மற்றவனெல்லாம் வாய் மூடிவிடுவான். எச்சரிக்கைப் பலகை சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மட்டும் இருந்தால், தமிழிலும் எழுதிப் போடக் கேள்.

என்வீகியூ என்ற தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதென்று யாரையும் உடனே இரவு ஷிப்டில் தனியாக விடாதே.

அப்பா

பி.கு: சுழலும் டிரில், லேத் பக்கம் கையுறை கூடாது, கையோடு இழுத்துக்கொள்ளும். "கையுறை கட்டாயம்" என்ற பலகையை அங்கேயும் மாட்டியிருந்தால் கழற்றிவிடு.