நான்கு எண்ணிக்கைக்கு ஒரு நெடில்

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகளும் சுகமாயிருக்க ராத்திரி ஜெபத்தில் தினமும் உங்கள் பெயரைச் சொல்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. பின்பக்கத்து முருங்கை மழையில் முறிந்துவிட்டது. வேறு விசேஷமில்லை.

சபையில் பாடுகிற கொயர் பிள்ளைகள் கிறிஸ்மஸுக்குப் புதுப்பாட்டு கேட்கிறார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசினால் பின்னால் கீபோர்டு கேட்கும். இப்போது மிக்சிதான் கேட்கிறது. சமைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று தெரிகிறது, நல்லதுதான். ஆனாலும் ஏழு மாதமாக உன்னிடமிருந்து ஒரு பல்லவிகூட வரவில்லையே ஐயா. வேலை அதிகம் என்று அப்பா சொல்கிறார். சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதரும் வேலை பார்த்தவர்தான். தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்துச் சம்பாதித்த காசில் 1912 முதல் சங்கீத மாநாடு கூட்டினார், 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற அவ்வளவு பெரிய சங்கீதப் புத்தகத்தையும் அச்சேற்றினார். உன்னைக் குறை சொல்லவில்லை. எப்படி எழுதுவதென்று மறந்துபோயிருந்தால் ஞாபகப்படுத்தலாமே என்றுதான்.

முதலில் பென்சிலை எடு, போனில் தட்டாதே. ரப்பர் வேண்டாம், பிடிக்காத வரியின் மேல் ஒரு கோடு போதும். பக்கத்தின் மேல் தேதி போடு. அடித்த வரிதான் மூன்று மாதம் கழித்து வேறு பாட்டுக்குப் பல்லவியாக வரும். பதினேழு வயதில் தொடங்கியது, இதுவரை 41 நோட்டு ஆகிவிட்டது எனக்கு. எதிலும் ரப்பர் பட்டதில்லை.

மெட்டு முதலில் வந்தால் உடனே சொல் தேடாதே. தத்தகாரமாக எழுதிக்கொள். நீளும் இடத்தில் ‘தா’, ஓடும் இடத்தில் ‘தன’, மெய்யெழுத்தில் தட்டி நிற்கும் இடத்தில் ‘தந்த’. அதன் பிறகு அந்த அச்சில் உட்காரும் சொல்லைத் தேடு. ‘தான’ என்ற இடத்தில் தேவ, நாத, பாவ எல்லாம் உட்காரும். ‘கர்த்தர்’ உட்காராது. குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததெல்லாம் இதற்குத்தான். ‘கர்த்தர்’ என்பதில் ‘க’ குறில், பின்னாலேயே ‘ர்’ வந்து கதவைச் சாத்திவிடுகிறது. அதை நான்கு எண்ணிக்கை இழுத்தால் சபை ‘கார்த்தர்’ என்றுதான் பாடும். ‘மனம்’ மானம் ஆகும், ‘வரும்’ வாரும் ஆகும், ‘பலன்’ என்று நீ எழுதியது பெஞ்சில் இருக்கிறவர்கள் வாயில் பாலன் ஆகிவிடும். கிறிஸ்மஸ் பாட்டென்றால் தப்பித்துக்கொள்ளலாம், மற்ற நாளில் என்ன செய்வாய்? பயிற்சி உள்ளவர்கள் மெய்யில் நின்று முனகிச் சமாளிப்பார்கள். சபைக்கு அது தெரியாது, உயிரைத்தான் இழுக்கும். ஆகவே நீளும் சுரத்துக்கு நெடில்.

‘இயேசு’வும் அப்படித்தான் ஏமாற்றும். எழுத்தில் மூன்று, பாட்டில் பெரும்பாலும் ‘யேசு’ என்று இரண்டாகத்தான் விழும். எண்ணும்போது காகிதத்தைப் பார்த்து எண்ணாதே, வாயால் சொல்லி எண்ணு.

ஆதி தாளத்தில் இன்னொரு குழி இருக்கிறது. நம் பாஷையில் ‘இல்லை’, ‘மாட்டார்’ எல்லாம் கடைசியில்தான் வரும். ‘என்னைக் கைவிட’ என்பது எட்டாவது எண்ணிக்கையில் முடிந்து, சபை மூச்சு வாங்கி, ‘மாட்டார்’ அடுத்த ஆவர்த்தனத்தில் வந்தால், நடுவிலே கர்த்தர் நம்மைக் கைவிட்டுவிட்டார் என்று கேட்டுவிடும். பழைய கீர்த்தனைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். கைவிடார், மறவார், உறங்கார் என்று மறுப்பைச் சொல்லுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். நம் திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரைச் சும்மாவா தஞ்சாவூர் தலையில் தூக்கி வைத்தது? ‘கைவிடார்’ என்று எழுதிப் பழகு, பண்டிதத் தமிழென்று கூச்சப்படாதே.

எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். மாறாத, தேறாத, ஆறாத சேரும். மாறாத, நிறைந்த சேராது. நெஞ்சம், தஞ்சம், கொஞ்சம் மூன்றையும் தயவுசெய்து ஒரே சரணத்தில் கொண்டுவராதே. இந்தத் தாலுகாவில் பாட்டு எழுதுகிற எல்லாரும் அதைக் கட்டிக்கொண்டுதான் அழுகிறார்கள்.

போன கிறிஸ்மஸுக்கு நீ அனுப்பிய மோகன ராகப் பாட்டை அடுத்த சேகரத்துச் சபைகளில்கூடப் பாடுகிறார்களாம். சபைக் குருவான ஐயர் என்னிடம் கேட்டார், நானும் ‘என் மகன்தான்’ என்று இரண்டு தரம் சொன்னேன். ஆனால் கீபோர்டில் நீ ஒரு தப்பு பண்ணியிருந்தாய். சி-யை ஸட்ஜமாக வைத்தால் மோகனத்துக்கு சி, டி, இ, ஜி, ஏ ஐந்துதான். நீ எஃப் மேஜர் பிடித்ததும் மத்திமம் நுழைந்துவிட்டது, ஜி மேஜரில் நிஷாதம் நுழைந்தது. எஃப் வருமிடத்தில் ஏ மைனர் பிடித்துப் பார், ஏ, சி, இ மூன்றும் ராகத்துக்குள்ளேயே இருக்கும். ஜி-யில் நடு விரலை எடுத்துவிட்டு ஜி, டி மட்டும் போதும். காலியாகக் கேட்கிறதே என்று நிரப்பப் போகாதே.

சுருதியையும் குறை. உன் ஸ்டூடியோவில் மேல் காந்தாரம் அழகாக இருக்கும். டி-யில் வைத்தால் அது எஃப் ஷார்ப், கடைசிப் பெஞ்சுப் பாட்டிமார் வாயை மூடிக்கொள்வார்கள். சி-யில் வைத்துக் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் ரிஷபத்துக்குள் முடி. பென்சிலில் எழுது, தேதி போடு. நேரத்துக்குச் சாப்பிடு, அவளையும் சாப்பிட வை.

சரணம் மூன்று வேண்டுமென்று சட்டமில்லை. இரண்டோடு சொல்ல வந்தது முடிந்தால் இரண்டோடு நிறுத்திவிடலாம். மூன்றாவது

இந்த இடத்தில் நேற்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். இன்றைக்கு அப்பா தூங்கின பிறகு உட்கார்ந்திருக்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நீ நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாயே, அந்தப் பாட்டு. இரண்டாம் சரணத்தில் எதுகை உடைகிறது, சபைக்கு ஆகாது, நான் திருத்துகிறேன் என்று சொன்னேன். எதுகை உடையவில்லை ஐயா. ‘தொட்டில்’ என்ற அடிக்கு ‘எட்டி’ என்று போட்டிருந்தாய். தொ-வும் குறில், எ-வும் குறில், இரண்டாவது ட். நாற்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தெரியாதா? அந்தச் சொல்லை ஆர்மோனியத்தில் வாசித்துக்கொண்டு என்னால் முன்னால் உட்கார முடியாது. மாசி மாதம் ஆஸ்பத்திரியில் உன் முகத்தை நேராகப் பார்க்காமல் சாப்பாட்டுக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அதே பயந்தான். அதற்கு இலக்கணத்தை இழுத்துவிட்டேன்.

துதியில் முடிய வேண்டுமென்று மூன்றாம் சரணம் நானே கட்டினேன். 88-ஆம் சங்கீதம் துதியில் முடிகிறதா? வாரம் தவறாமல் சங்கீதம் வாசிக்கிறவள்தான் நான். பல்லவியில் நீ ‘ஏன் தேவனே’ என்று எழுதியிருந்தாய். ‘ஏன்’ நான்கு எண்ணிக்கை. சரியான நெடில், சரியான இடம். அதை ‘என் தேவனே’ என்று மாற்றிக் கொயர் நோட்டுகளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு கோடுதானே என்று நினைத்தேன்.

பெரிய வெள்ளியன்று சிலுவையின் நாலாம் வார்த்தைப் பிரசங்கம் முடிந்ததும் அதைப் பாடினோம். சித்தி உனக்கு வீடியோ அனுப்பினாளாம், எனக்குப் பிறகுதான் தெரியும். வீடியோவில் சரியாகக் கேட்டிருக்காது, அதனால் சொல்கிறேன். நான் எழுதிக் கொடுத்தது குறில், மெட்டு கேட்டது நெடில். முதல் ஆவர்த்தனத்தில் கொயர் ‘என்’ என்று மெய்யில் நின்றது. இரண்டாந்தரம் சபை சேர்ந்தது. பின்னாலிருந்து முன்னால்வரை எல்லாரும் ‘ஏன் தேவனே’ என்றுதான் பாடினார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமல். சற்று முன்னால் ஐயர் வாசித்த வசனத்திலேயே இரண்டும் இருக்கிறது. ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்.’ நான் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். என்னுடைய மூன்றாம் சரணத்துக்கு வந்தபோது சத்தம் பாதியாகிவிட்டது.

பன்னிரண்டு நோட்டிலும் மூன்றாம் சரணத்தை அடித்துவிட்டேன். பல்லவியில் எ-வின் காலிலிருந்து கோட்டை இழுத்து ஏ ஆக்கிவிட்டேன், பேனாவால். மேலே உன் பெயரும் போட்டிருக்கிறது. முன்னால் போடவில்லை, அதையும் நீ கவனித்திருப்பாய்.

மருமகள் அந்த வீடியோவைப் பார்த்தாளா? அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கிறிஸ்மஸ் பாட்டு வராவிட்டால் பழையதையே பாடிக்கொள்கிறோம், அதற்காக ராத்திரி முழித்திருக்காதே. வரும் லெந்துக்கு நீ எழுதினபடியே இரண்டு சரணத்தோடு பாடலாமா, வேண்டாமா? வேண்டாமென்றால் நோட்டுகளிலிருந்து பக்கத்தையே எடுத்துவிடுகிறேன். போனில் சொல்லாதே, எழுது.

அம்மா