பூட்டனைத் தேடுவோர் தோட்டத்திலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் தேயிலைக்கு முந்திய கோப்பிக்காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த பூட்டன் எந்த ஊர்க்காரர் என்று தேடும் மலையகப் பிள்ளைகள் பலரும் முதலில் கேட்பது, "கப்பல் பட்டியல் எங்கே இருக்கிறது?" என்பதுதான். மொரீஷியஸ், பீஜி, நேட்டால் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஊர், வயது, தகப்பன் பெயர், அங்க அடையாளம் வரை அவர்களுக்கு எழுத்தில் உண்டு. இங்கே வந்தவர்களோ ஆள் திரட்டிய கங்காணியின் பின்னால் வந்தவர்கள். தோணியில் மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களுக்குத் தலைக்கணக்குத்தான் மிஞ்சியிருக்கிறது, பேர்க்கணக்கு இல்லை. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய் "ராமசாமி, 1870" என்று கேட்டால் பஸ் காசுதான் நட்டம்.

ஆகவே பின்னோக்கித்தான் போகவேண்டும். முதலில் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறவுங்கள். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ்ப் பிரஜாவுரிமை கேட்டவர்கள், மணமானவராயின் 7 ஆண்டும், மணமாகாதவராயின் 10 ஆண்டும் 1946 ஜனவரி 1க்கு முன் இங்கே தொடர்ந்து வசித்ததைக் காட்டவேண்டியிருந்தது. விண்ணப்பிக்கக் கடைசித் திகதி 1951 ஆகஸ்ட் 5. அதற்காகத் தோட்டத்து அதிகாரியான துரையிடம் வாங்கிய கடிதம், பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, பள்ளிக்கூடச் சான்று எல்லாம் ஒரே கட்டாகக் கிடக்கும். நம்மை வெளியே தள்ளப் பார்த்த சட்டம்தான் நம் குடும்பக் கதையை எழுத்தில் ஏற்றியிருக்கிறது! 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இந்தியா போன உறவுக்காரர் கொண்டுபோன காகிதங்களையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் வந்த படிவத்தில், பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுத ஒரு கட்டம் உண்டு. தகப்பன் இங்கே பிறக்காமல் பூட்டன் இங்கே பிறந்திருந்தால் அதற்கும் ஒரு கட்டம். நம்மவர் பத்திரங்களில் பெரும்பாலும் அது வெற்றாகவே கிடக்கும். ஆனால் ஒரு குடும்பத்தில் ஆறு பிள்ளைகள் என்றால் ஆறு பத்திரத்தையும் பார்க்கவேண்டும், ஒன்றில் எழுதியிருப்பார்கள். அதிலுள்ள ஆண்டு வாய்ச்சொல்லால் வந்தது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. இறப்புப் பதிவில் 60, 70 என்று முழு எண்ணாக உள்ள வயதும் அப்படித்தான், குத்துமதிப்பு.

பதிவிலக்கமும் திகதியும் தெரியாமல் பிரதி கேட்டால் 2 ஆண்டுக் காலத்துக்குத்தான் தேடித் தருவார்கள். ஆகவே விண்ணப்பிக்குமுன் ஆண்டை நெருக்கிப் பிடிக்க வேண்டும். சாதக ஓலையில் "தாது வருஷம்" என்றிருந்தால் அது 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். தாது வருஷப் பஞ்சத்தில் புறப்பட்டவர் கதையும் பேரன் பிறந்த கதையும் ஒன்றாகிப் போவது இப்படித்தான். அதே 1876 தாது வருஷத்துத் தை மாதம் என்றால் 1877 என்று கொள்ளவேண்டும். பாட்டன் பெயரையே பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால், ஒரே தோட்டத்தில் இரண்டு முத்துசாமி வந்தால் உடனே ஒருவராக்கிவிடாதீர்கள்.

வந்த வழியும் காலத்தைச் சொல்லும். ரயில் மாத்தளைக்கு 1880இல் வந்தது, ஹட்டனுக்கு 1884இல். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது 1914 முதல். "பூட்டன் தலைமன்னாரில் ரயிலேறினார்" என்று பாட்டி சொன்னால், அது ஊருக்குப் போய்த் திரும்பிய பயணமாக இருக்கலாம், அல்லது மகனுடைய பயணமாக இருக்கலாம். தோட்டத்துக்கு வரும் ஆளின் கையில் கொடுத்தனுப்பிய தகரச் சீட்டு பெட்டியில் கிடந்தால் அதுவும் 20ஆம் நூற்றாண்டுச் சாமான். அதிலுள்ள எழுத்தும் எண்ணும் ஆளுக்குரியவை அல்ல, தோட்டத்துக்குரியவை.

தோட்டம்தான் உண்மையான திறவுகோல். ஆபிசில் வழங்கும் பெயர் ஒன்று, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வழங்கும் பெயர் வேறு. போதாததற்கு சிறு தோட்டங்கள் பெரிய தோட்டத்தோடு சேர்ந்து வெறும் டிவிஷனாகிவிட்டன. 1859 முதல் வந்த பெர்குசன் டிரெக்டரியில் தோட்டம், உடைமையாளர், துரை, ஏக்கர் எல்லாம் உண்டு. சில பதிப்புகளில் தமிழ்ப் பெயர்ப் பட்டியலும் இருக்கிறது. தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் தேடும்போது பூட்டன் பெயரை விடப் பெரிய கங்காணியின் பெயரே உதவும், ஆட்களைக் கங்காணிவாரியாகத்தான் எழுதினார்கள். வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பமென்றால் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கேட்கலாம். பழைய ஆங்கிலப் பதிவில் "மலபார்" என்றிருந்தால் கேரளத்துக்குப் போய்விடாதீர்கள், அக்காலத்தில் வெள்ளைக்காரர் தமிழரை அப்படித்தான் எழுதினார்கள்.

இந்தியப் பக்கம் ஜில்லா எல்லைகள் மாறியிருக்கின்றன. 1910க்கு முந்திய "மதுரை ஜில்லா" ஊர் இன்று சிவகங்கையிலோ ராமநாதபுரத்திலோ திண்டுக்கல்லிலோ இருக்கலாம். ஊர்ப்பெயர் தெளிவில்லாதபோது குலதெய்வத்தின் பெயர் கைகொடுக்கும்.

கிடைத்த காகிதங்களை முன்னும் பின்னுமாகப் படம் எடுத்துவையுங்கள், லாமினேட் செய்யாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது.

தோட்டங்கள் 1970களில் அரசிடம் போய், 1992இல் கம்பனிகளிடம் போனபோதே எத்தனையோ ஏடுகள் தொலைந்தன. மிச்சமுள்ள பழைய செக்ரோல்களை எடைக்குப் போடுமுன், தோட்ட நிர்வாகங்கள் சுவடிகள் திணைக்களத்துக்கு ஒரு கடிதமாவது எழுதட்டும்.

இங்ஙனம்,
வாசகர்கள் சிலர்,
ஹட்டன்.