வெல்டிங் கடைத் தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும்

புதுக்குடியிருப்பிலும் அயல் ஊர்களிலும் இருக்கிற உறவுகளுக்கு வணக்கம்.

மூக்குப் பக்கத்துக் கட்டிக்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்த பிறகு என் கண்ணுக்கு என்ன நடந்தது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. இடது கண்ணில் கருவிழிப் புண் ஆறிவிட்டது என்று இன்று கிளினிக்கில் சொன்னார்கள். வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் வெல்டிங் கடை வைத்திருக்கிற தம்பிக்கு. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ஊருக்கு ஆளைத் தெரியும்.

எனக்குக் கதிர் பிடித்தது மூக்குப் பக்கத்துக் கட்டிக்கு. ஆனால் அந்த இடமும் கண்ணும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம் இருக்கிற வளவுகள். கண்ணீர்ச் சுரப்பி கண்குழியின் மேலே வெளிப்பக்கமாக இருக்கிறது. கண்ணீர் காயாமல் காக்கிற எண்ணெய்ச் சுரப்பிகள் இமை ஓரத்தில். கதிர் கூடுதலாகப் பட்டால் இரண்டும் வற்றிப்போகும். பார்க்க வந்த எல்லாரும் "கட்டி போட்டுதோ?" என்று கேட்டார்கள். கட்டி போய்விட்டது, எனக்கு அழக் கண்ணீர் இல்லை. போதாததற்குக் கண்ணைக் காயவைக்கிற சோளகக் காற்று வேறு.

அன்றைக்குக் கண் கிளினிக்குக்குப் போக, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். வெல்டிங் கடைத் தம்பி உள்ளிருந்து வந்து கேட்டான்: "ரீச்சர், கண்ணுக்குள்ள மண்ணள்ளிப் போட்ட மாதிரிக் கிடக்குதோ?"

அதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. எப்படித் தெரியும் என்றேன். "கண்ணாடி போடாமல் வெல்டிங் அடிச்ச அண்டிரவு எனக்கும் உப்பிடித்தான். விடிய விடிய நித்திரை இல்லை. எனக்கு ஒண்டு ரெண்டு நாளில மாறிப்போகும். உங்களுக்கு மாறேல்லைப் போல."

கிரைண்டர் பிடிக்கும்போது போடுகிற வெள்ளைக் கண்ணாடி ஒன்றை எடுத்தான். பக்கமெல்லாம் மூடினது, பெட்டி பிரிக்காதது. விளிம்பைச் சுற்றி மெல்லிய ஸ்பொஞ்ச் வெட்டி ஒட்டினான். போட்டுப் பார்க்கச் சொல்லி, தழும்பில் உரசுகிறது என்று கண்டதும் கழற்றி அந்த இடத்தை மட்டும் திரும்ப வெட்டினான். கேற் வேலைக்கு வந்த ஒருவர் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி அவசரப்படுத்தினார். "அண்ணை, கேற் ஓடாது, பொறுங்கோ" என்றான். பஸ்ஸையும் அவன்தான் மறித்து ஏற்றிவிட்டான்.

யன்னல் திறந்த பஸ்ஸில் கண் திறந்துகொண்டு போனேன்.

புண் அப்போதே தொடங்கியிருந்ததாம். டொக்டர் அந்தக் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்றை வெளியே நிறுத்தி ஈரத்தை உள்ளே வைத்திருக்கும், கழற்ற வேண்டாம் என்றார். இதே வேலைக்கென்றே செய்த கண்ணாடிகள் வெளிநாட்டில் விற்கிறார்களாம், விலையும் பெரிதாம். புண்ணுக்கு மருந்தோடு, அடிக்கடி விட வேண்டியிருப்பதால் கெடாமல் காக்கிற மருந்து சேர்க்காத கண்ணீர்த் துளிகள், இரவுக்குக் களிம்பு, இமை மூடி நிற்க மேலே ஒட்டுகிற ஒரு ரேப். இந்த மூன்றும் இன்னும் தொடர்கிறது.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கதிர்ப் பிரிவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, தலை அசையாமல் இருக்க எனக்கு முகமூடி மாட்டிய பிள்ளைகளுக்கும், அந்த ஆஸ்பத்திரி எழும்புவதற்காக 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்தவர்களுக்கும், கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் துளிமருந்துக்குக் காசு அனுப்பிய பழைய மாணவர்களுக்கும், முன்பள்ளியைச் சாத்தாமல் நடத்திய இரண்டு ரீச்சர்மாருக்கும், சோறு கொண்டுவந்த அக்காமாருக்கும் நன்றி. அம்மா வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குக் கண்மலர், கண் வடிவத் தகடு, நேர்ந்திருக்கிறா. பேன் பார்த்த பொடியனுக்குத் தலையெல்லாம் ஆயிரம் கண்ணாகக் காட்டியவளிடம் இரண்டு கேட்டால் குறைந்தா போகும் என்பது அம்மாவின் கணக்கு. வைகாசிப் பொங்கலுக்குப் போவோம்.

பயம் முழுக்கப் போகவில்லை. கதிர் பட்ட கண் வில்லையில் காலம் போய்ப் புகார் படிந்து பார்வை மங்கலாம், விழித்திரையின் சின்ன இரத்தக் குழாய்கள் மாதங்கள் கழித்தும் வருடங்கள் கழித்தும் பழுதாகலாம், அதுவும் தொடக்கத்தில் ஒன்றும் காட்டாமல். அதனால் கிளினிக் கொப்பியை மூடிவைக்க ஏலாது. மூக்கு, கன்னம், நெற்றிப் பக்கம் கதிர் பிடித்து இந்தப் பக்கம் திரும்பி வருகிற ஆட்களின் வீட்டுக்கு இனி நானே போகப் போகிறேன். கட்டியைப் பற்றிக் கேட்க ஊரே இருக்கிறது. பார்வை நல்லாய்த் தெரிந்தாலும் கண் கிளினிக்குக்கு ஒரு துண்டுச் சீட்டு கேட்டு வாங்குங்கோ என்று நான் சொல்வேன்.

தம்பி, கண்ணாடிக்குக் காசு நீட்டினபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். காலபோகம் வெட்டினதும் உன் வீட்டுக்கு ஒரு மூட்டை ஆட்டக்காரி நெல் வரும். அதைத் திருப்பி அனுப்பினால் இந்தக் கடிதத்தில் உன் பெயரையும் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் முன்பள்ளி ரீச்சர்