தேவிக்கு, சொங்காக் பலகையோடு

பெஸ்தாரி ஜெயா
2.12.2024

அன்புள்ள மகள் தேவிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். மேலே பத்தாங் பெர்ஜுந்தை என்று போடு என்கிறார் உன் அப்பா. 2007இல் மாற்றிய பெயர் அவர் வாயில் இன்னும் நுழையவில்லை. தபால்காரருக்குப் புரிய வேண்டாமா?

வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் ரெண்டு நீலக் கோடு விழுகிறது, பதில்தான் வருவதில்லை. குறையாகச் சொல்லவில்லை. சிங்கப்பூர் வேலை எப்படி என்று எனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ கிளம்பிய அன்று சாயங்காலமும் பிள்ளைகள் கேரம் பலகையை விடவில்லை. வெள்ளையில் ஒன்பதுக்கு எட்டுதான் இருக்கிறது, ஒன்றுக்குச் சட்டைப் பித்தான். பெரியவன் மகன் சிவப்பைப் போட்டுவிட்டு அடுத்த காயை விட்டுவிட்டான். சிவப்பைத் திரும்ப நடுவில் வை என்றதற்கு அப்படி ஒரு அழுகை. மாப்பிள்ளை இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் தீர்த்திருப்பார், அவர் சொன்னால்தான் அந்தப் பயல் கேட்பான். அவருக்கு வேலை என்றாய். சரி. தீபாவளிக்கு அங்கேயும் லீவுதானே என்று அப்பா கேட்டார். நான்தான் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். நீ மெலிந்திருக்கிறாய். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரியில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்.

அப்பா நலம்தான். தமிழ் நேசன் பேப்பர் 2019இல் நின்றதிலிருந்து எந்தப் பேப்பர் வாங்கினாலும் குறுக்கெழுத்தில் குறை கண்டுபிடிக்கிறார். பாதியில் விட்டுவிட்டு, 'தேவி இருந்தால் போட்டுவிடுவாள்' என்பார். அதை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லையே அந்த மனுஷன்.

உனக்குக் கணக்கு கண்ணிலேயே இருந்தது. தோட்டத்து லயத்து வீட்டில் கரண்டு நின்ற பிறகு மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு, வாசல் மண்ணில் பதினாலு குழி தோண்டி, குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை போட்டு ஆடுவோமே. நான் விரல் வைத்து எண்ணுவதற்குள், இந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும், துடைத்தால் எவ்வளவு வரும் என்று சொல்லிவிடுவாய். ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்து பசு ஆனதை நான் பார்க்காமல் விட்டால் சிரித்துக்கொண்டே என் மடியில் போடுவாய். உன் தம்பிக்கு அந்தக் குணம் கிடையாது. கையில் ரெண்டு கொட்டை கூடுதலாக வைத்திருப்பான். நானும் கண்டுகொள்ள மாட்டேன், பையன் தோற்றால் சோறு தின்ன மாட்டானே என்று. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, நம் மக்சிக், அவர்கள் பல்லாங்குழியான சொங்காக்கைக் கொண்டு வந்த அன்று, 'அவங்க பலகையில ரெண்டு பக்கமும் சேர்த்ததைப் போட்டு வைக்க வீடு இருக்கு, நமக்குத்தான் இல்லை' என்றாய். உனக்கு ஒன்பது வயது.

இதைத்தான் எழுத வந்தேன், எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் பிள்ளைகள் மூணு பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சின்னவன் மகள் ஸ்ட்ரைக்கரை வைத்துக் கண்ணைச் சுருக்கிச் சிவப்பைப் பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்து, தண்ணி எடுத்துவா என்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பக்கத்தில் ரெண்டு பையன்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் மறுபேச்சில்லாமல் எழுந்து வந்தாள். சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

தேவி, நீ ஒரு ஆட்டத்தை முடித்து நான் பார்த்ததாக ஞாபகமே இல்லை. கொட்டை உன் கையில் இருக்கும், அடுப்பிலிருந்து கூப்பிடுவேன். உன் இடத்தில் தம்பி உட்கார்ந்துகொள்வான், நீ சேர்த்தது அவன் கணக்கில் போகும். எஸ்.பி.எம். பரீட்சை முடித்து ஆறாம் படிவம் போகிறேன் என்றாயே, அப்போதும் பெட்டிக் கடையில் ஆள் இல்லை என்று நான்தான் கூப்பிட்டேன். அப்பா மேல் பழியைப் போட்டுக்கொண்டேன், அவர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. இந்தத் தீபாவளிக்குக்கூட நீ பலகையில் உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் ஆகவில்லை, வடையைத் திருப்பிப் போடு என்றேன். நீ பவுடர் கையைக் கழுவிவிட்டு வந்தாய். அடுப்படியில் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாய். எண்ணெய் காய்கிறது பார் என்றேன். மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டாய்.

மக்சிக் வீட்டுச் சொங்காக் பலகையைக் கேட்டு வாங்கிவிட்டேன். அவர் மகன் உன் பக்கத்து ஜொகூருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன். தொண்ணூற்றெட்டு கோலியில் மூணு குறைந்தது, புளியங்கொட்டை போட்டிருக்கிறேன். ரெண்டு பேர் ஆடுகிற ஆட்டம். மாப்பிள்ளைக்கு நேரம் இல்லை என்றால் பலகையைத் தூக்கிக்கொண்டு நீ மட்டும் வா. எத்தனை நாள் என்று யாரும் கேட்க மாட்டோம். வருகிற நாளைச் சொல், அன்றைக்கு நான் அடுப்பே மூட்டுவதில்லை. சாப்பாடு கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

அம்மா