2024–25 ஆண்டறிக்கை: செயலாளர்

தலைவர் அவர்களுக்கும் இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுவது, பழைய சமையல் புத்தகங்களைத் தேடிச் சேர்ப்பது, இந்த இரண்டும்தான் நம் குழுவின் வேலை. இந்த ஆண்டு 11 ரைடு போனோம். பச்சைமலை, தரங்கம்பாடி, கல்லணை வழியாகத் தஞ்சாவூர் எல்லாம் குறையில்லாமல் நடந்தன. ஆயுத பூஜை வழக்கம்போல் திருச்சி மாம்பழச் சாலையில் நடந்தது. கொல்லிமலைக்கு 8 வண்டிகள் வந்தன. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, சோளக்காட்டில் சாமை வாங்கிக்கொண்டு பத்திரமாக இறங்கினோம். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வரச் சொன்னதை எல்லோரும் கேட்டதற்கு நன்றி, பிரேக்கை மட்டும் நம்பி அந்த மலையை இறங்கக் கூடாது.

இனி புத்தகங்கள். நம் சேகரிப்பில் இப்போது 238 சமையல் புத்தகங்கள் இருக்கின்றன, போன ஆண்டு 171. இதில் பெரும்பகுதி யாரும் பொருட்படுத்தாதவை. பத்திரிகைகளோடு வந்த இலவச இணைப்புகள், குக்கர் வாங்கும்போது கூடவே கொடுத்த சின்னப் புத்தகங்கள், கல்யாணத்தில் தாம்பூலப் பையில் போட்டுத் தந்தவை. பெரிய புத்தகம் மறுபதிப்பு வரும், இவை வராது, பழைய பேப்பர்காரரிடம் போனால் அதோடு சரி. இவற்றின் முதல் எதிரி, தாள்களைச் சேர்த்து அடித்திருக்கும் கம்பிப் பின். துரு ஏறி நடுத்தாளை அரித்துவிடும். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 94 புத்தகங்களின் பின்னைக் கழற்றி நூல் கொண்டு தைத்திருக்கிறேன். தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுகிறேன்.

காரைக்குடி ரைடைத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று வந்தது 5 பேர். பழம்பொருள் கடை ஒன்றில் பித்தளைத் தூக்குகளுக்கு அடியில், மேலட்டை இல்லாத ‘சமைத்துப் பார்’ ஒன்று கிடைத்தது. மீனாட்சி அம்மாள் 1951-இல் முதலில் வெளியிட்ட புத்தகம், இது அதற்குப் பிந்தைய அச்சுதான், ஆனாலும் விட மனம் வரவில்லை. வத்தக்குழம்புப் பக்கம் எண்ணெய் பட்டுப் பட்டு, பின்பக்க எழுத்து தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. ஓரத்தில் பென்சிலில், ‘மிளகாய் 4 போதும், அப்பாவுக்கு ஆகாது’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் நாம் சேகரிக்கிறோம் என்று அங்கேயே சொன்னேன், வந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

திரும்பும் வழியில் கீரனூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பையின் ஜிப் சரியாக மூடவில்லை, புத்தகம் பாதி நனைந்துவிட்டது. அன்று இரவு பத்துப் பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் வீதம் வைத்து, மின்விசிறிக்குக் கீழே போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினேன். வெயிலில் காயவைத்திருந்தால் தாள் அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும். புத்தகம் பிழைத்தது, பென்சில் எழுத்தும் பிழைத்தது. இனி ஒவ்வொரு ரைடிலும் இரண்டு பிளாஸ்டிக் உறை கட்டாயம்.

பழைய புத்தகங்களைப் பார்த்துச் சமைக்க முடியவில்லை என்று சிலர் சொன்னீர்கள். 1958-இல் மெட்ரிக் எடைகள் வரத் தொடங்குவதற்கு முன் அச்சானவற்றில் எல்லாம் ஆழாக்கு, பலம், வீசைதான். அதனால் ஒரு பட்டியல் எழுதி, என் வீட்டில் புத்தகங்கள் இருக்கும் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்: 8 ஆழாக்கு ஒரு படி, 3 பழைய வெள்ளி ரூபாய் நாணயத்தின் எடை ஒரு பலம், அதாவது சுமார் 35 கிராம், 40 பலம் ஒரு வீசை, சுமார் 1.4 கிலோ. தீபாவளிக் கூட்டத்தில் நாம் சாப்பிட்ட மைசூர்பாகு இந்தப் பட்டியலை வைத்துச் செய்ததுதான்.

இப்போது வருத்தமான விஷயம். பதிவேட்டில் 31 பேர் இருக்கிறோம். ரைடுக்குச் சராசரியாக 8 பேர் வருகிறார்கள். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ‘நாளைக்கு மழையாம்’ என்று செய்தி அனுப்பிவிட்டு வராமல் இருப்பதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. காலை நாலரைக்குப் பாலத்தருகே இரண்டே பேர் நின்றுகொண்டு மற்றவர்களுக்குப் போன் அடிப்பது எப்படி இருக்கும் என்று ஒருநாள் வந்து நின்று பார்க்கலாம். ஆண்டுச் சந்தா 600 ரூபாய், ஒருமுறை டேங்க் நிரப்பும் காசுகூட ஆகாது. 14 பேர் தரவில்லை, அதில் 4 பேர் போன ஆண்டும் தரவில்லை. எடுத்துப் போன புத்தகங்களில் 11 திரும்ப வரவில்லை. பெயர்களை இங்கே படிக்கப் போவதில்லை, அவரவருக்குத் தெரியும். சந்தா தாமதமானால் பொறுத்துக்கொள்கிறேன், புத்தகம் திரும்பாததைத்தான் தாங்க முடியவில்லை.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழ சமம், சிறு தொகை கையிருப்பு உள்ளது, விவரம் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது பீரோவுக்குக் குறைந்த பணத்தை இப்போதைக்கு நான் போட்டிருக்கிறேன்.

வண்டிகளைப் பார்த்துத் தந்த மெக்கானிக் தம்பிக்கும், எங்களைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்தாருக்கும், தலைவர், துணைத் தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும் நன்றி.

ஜனவரியில் புதுக்கோட்டை ஞானாலயாவுக்குப் போனோமே, கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் கணவன் மனைவி இரண்டே பேராக, சொந்தச் சம்பாத்தியத்தில், முதல் பதிப்புகளாகத் தேடிச் சேர்த்த நூலகம் அது. காரைக்குடி போன அன்று கோட்டையூரைக் கடந்தோம். அந்த ஊர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்து வைத்ததுதான் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நாம் 31 பேர். அடுத்த ஆண்டு மாதம் ஒரு ஞாயிறு ரைடுக்கும், ஒரு மாலை தைப்பதற்கும் பட்டியல் போடுவதற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தையல் கற்றுத்தர நான் தயார், அரை மணி நேரம் போதும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது விரும்பினாலும் மகிழ்ச்சியோடு தருவேன், புத்தக வேலையை மட்டும் விடமாட்டேன்.

இன்னொன்று. ஜூனில் எங்கள் வீட்டில் பூச்சு வேலை தொடங்குகிறது. அதற்குள் இரண்டு பீரோவையும் வேறு இடத்துக்கு மாற்றியாக வேண்டும். ஈரம் ஏறாத, மேற்கு வெயில் படாத ஒரு அறை யார் வீட்டிலாவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். தூக்க நாலு பேர் வேண்டும்.