பாம்பன் சந்திப்பின் கதையைப் பாம்பனில் சொல்லுங்கள்

தெற்கு ரயில்வே மதுரைக் கோட்ட அதிகாரிகளுக்கு, பாம்பன்காரன் ஒருவனின் வணக்கம்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் எங்களுக்கும் பெருமைதான். கப்பலுக்கு வழிவிட அதன் 72.5 மீட்டர் தூக்குப்பகுதி நேராக மேலே எழும்புவதை நின்று பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் பாலம் முடிந்ததும் வருகிற எங்கள் நிலையத்தை ஏறெடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அது ஒரு காலத்தில் ரயில் பாதைகள் பிரியும் சந்திப்பு (ஜங்ஷன்) என்பது உள்ளூர்ப் பிள்ளைகளிலேயே பலருக்குத் தெரியாது.

1902-ல் மதுரையிலிருந்து வந்த தண்டவாளம் மண்டபத்தோடு நின்றது. 1914 பிப்ரவரி 24-ல் பாலம் திறந்தபின் ரயில் கடலைத் தாண்டிப் பாம்பனுக்கு வந்தது. இங்கேதான் பாதை பிரிந்தது: ஒன்று ராமேசுவரம் கோயிலுக்கு, இன்னொன்று தனுஷ்கோடித் துறைமுகத்துக்கு. எழும்பூரில் கிளம்பிய போட் மெயில் ரயில் போனது தனுஷ்கோடிப் பாதையில். அங்கே இறங்கிக் கப்பல் ஏறினால் சுமார் 35 கிலோமீட்டரில் தலைமன்னார், அப்புறம் மறுபடி ரயிலில் கொழும்பு. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளிகளும் இந்த வழியாகத்தான் இலங்கைக்குப் போனார்கள். எத்தனை குடும்பங்கள் இந்த ஊரைக் கடந்து போயிருக்கும்!

1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனில் கிளம்பிய 653-ஆம் எண் பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் கடல் வாரிக்கொண்டது. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் மீளவில்லை. அதே புயலில் சிதைந்த பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் திரும்பப் போடவில்லை. சந்திப்பு என்ற பேச்சும் அதோடு போயிற்று.

தனுஷ்கோடியில் இடிந்த நிலையத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு, அந்த ரயில் கிளம்பிய ஊர் பாம்பன் என்று யார் சொல்வது? நிலையத்தில் பழைய பாதைகளின் வரைபடத்தோடு ஒரு பலகை வையுங்கள். தனுஷ்கோடிப் பாதை பிரிந்த இடத்தில் ஒரு கல் நடுங்கள். 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோன பழைய பாலத்தின் ஒரு பாகமாவது இங்கே நிற்கட்டும். 653-ல் போன உங்கள் ஊழியர்களின் பெயர்களை உங்கள் ஆவணங்களில் தேடி எழுதிவையுங்கள். அவர்கள் வேலையில் இருக்கும்போது இறந்தவர்கள்.

இன்னொன்று, இதுதான் அவசரம். அந்தப் பாதையில் ரயிலேறிப் போன பெரியவர்கள் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய இந்த வருடமே ஓர் ஆளை அனுப்புங்கள். வீடு வீடாகக் கூட்டிப்போக நாங்கள் இருக்கிறோம்.