நெத்தி லைட்டு குடுத்த தம்பிக்கும், கூட நின்ன அத்தனை பேருக்கும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். புது வருஷ வாழ்த்தையும் இதுலயே சேத்து சொல்லிக்கிறேன், கொஞ்சம் லேட்டுதான், ஆனா இந்த வருஷம் எங்க பக்கம் யாருக்கும் தேதி கிழமையே சரியா நிக்கல. 2023 டிசம்பர் 17, 18ல வந்த மழை வெள்ளத்துல என்ன நடந்துச்சுன்னு நான் புதுசா சொல்ல வேண்டியதில்ல. தாமிரபரணி ஓரத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைன்னு ஊரே பேசுனதை நாங்க கரண்ட் வந்தப்புறம் டிவில பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டோம், எங்களுக்கு அப்போ அளவு எல்லாம் செவுத்துல ஏறுன சேத்துக் கோடுதான். உயிரோட இருக்கோம். அதுக்கு கர்த்தருக்கு நன்றி சொல்லியாச்சு, அவர் அனுப்புன ஆளுங்களுக்கும் சொல்லணும்ல, அதான் இந்த மடல்.

முதல்ல மொத்தமா சொல்லிடுறேன், யாரையாவது விட்டிருந்தா கோச்சுக்காதீங்க. கடக்கரையில இருந்து வள்ளத்தை லாரில ஏத்திக் கொண்டாந்து எங்க தெருவுக்குள்ள ஓட்டுன மீனவ சகோதரங்க, பள்ளிவாசல்ல இருந்து சோத்துப் பொட்டலம் அனுப்பிக்கிட்டே இருந்த ஜமாஅத்காரங்க, அம்மன் கோயில் மண்டபத்தைத் திறந்து விட்டு "பாய் போட்டு படுங்க அண்ணாச்சி, இதுல என்ன இருக்கு"ன்னு சொன்ன ஊர்த்தலைவர், பாம்பைப் பிடிச்சுட்டுப் போன பையனுங்க, மதுரைப் பக்கத்துல இருந்து போர்வையும் பைபிளும் அனுப்புன சபை, சேத்தை அள்ளிப் போட வந்த காலேஜ் பிள்ளைங்க, எங்க பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருங்க (இவங்களுக்கு நன்றி சொன்னா "எங்க வீட்டுக்கு நாங்க செஞ்சோம், உங்களுக்கு என்ன"ன்னு சண்டைக்கு வருவாங்க, பரவாயில்ல), எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன்.

ஆனா நான் முக்கியமா எழுத உக்காந்தது ஒரு தம்பிக்காக. பேர் போட வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு. தர்மபுரி பக்கத்துல இருந்து ஈபி வேலைக்கு வந்த கேங்மேன். சாஞ்ச போஸ்ட்டை நிமித்த வெளி மாவட்டத்துல இருந்து ஆளுங்க வந்தாங்கல்ல, அதுல ஒரு செட்டு எங்க சண்டே ஸ்கூல் ரூம்ல தங்குனாங்க. அந்த தம்பி கடைசி வரைக்கும் என்னை "ஃபாதர்"னு தான் கூப்பிட்டாரு. நான் ஃபாதரும் இல்ல, ஐயரும் (பாஸ்டரும்) இல்ல, சபையில வேதம் வாசிச்சு சொல்லிக் குடுக்குற வெறும் உபதேசியார், மூணு பிள்ளைங்க இருக்குன்னு சொல்லியும் கேக்கல.

அவரை நான் முதல்ல கவனிச்சது நெத்தி லைட்டுக்காக இல்ல, அது அப்புறம். அப்போ தெருவுல தினம் ஒரு புரளி ஓடும், "இன்னிக்கு சாயந்தரம் சப்ளை வந்துரும், மச்சான் ஃபோன்ல சொன்னான்". ஜனங்களும் நம்பி மோட்டார் சுவிட்சை ஆன்ல போட்டு வச்சுட்டு உக்காந்திருப்பாங்க. அன்னிக்கும் சாயந்தரம் கூட்டமா வந்து அவரைச் சுத்திக்கிட்டாங்க, எப்ப வரும் எப்ப வரும்னு. அவரு கையில இருந்த கட்டிங் பிளேயரைத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு, "இன்னிக்கு வராதுங்க. நாளைக்கும் வராது. மெயின் லைன்லயே போஸ்ட்டு வரிசையா சாஞ்சு கெடக்குது, நாலஞ்சு நாளு ஆவும், அதுக்கு மேலயும் ஆவலாம்." அவ்வளவுதான், ஜனங்களுக்கு வந்துச்சே கோவம். ஒரு அண்ணாச்சி "சோறு போட்டு வச்சிருக்கோம், நல்ல வார்த்தை ஒண்ணு சொல்லத் தெரியல"ன்னு முகத்துக்கு நேராவே சொல்லிட்டாரு. தம்பி பதில் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு "வீட்ல யாராவது சுகருக்கு ஊசி போடறவங்க இருக்கீங்களா"ன்னு கேட்டாரு. எங்க பெரியம்மா ஒருத்தங்க கையைத் தூக்குனாங்க. புது மண்பானையில தண்ணி ஊத்தி, மருந்து பாட்டிலை கவர்ல கட்டி தண்ணி படாம உள்ள வச்சு, வெளிய ஈரத்துணி சுத்தி நிழல்ல வைக்கணும்னு சொல்லிக் குடுத்து, பானை எங்கயும் கிடைக்கலன்னு தெரிஞ்சதும் அவரே போயி எங்கயோ தேடி ஒண்ணு கொண்டாந்து குடுத்தாரு. இன்னிக்கு வந்துரும்னு சொன்ன யாரும் அந்த மருந்தைப் பத்தி நினைக்கல பாருங்க. நினைக்கவும் மாட்டாங்க, இன்னிக்கே வந்துரும்னா பானை எதுக்கு?

அன்னிக்கு ராத்திரி எனக்கு பைபிள்ல எரேமியா புத்தகத்து 28ம் 29ம் அதிகாரம் தான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு. உங்களுக்கும் தெரியும். அனனியா தீர்க்கதரிசி ஆலயத்துல எல்லாரும் பாக்க நின்னு, ரெண்டே வருஷம், சிறைபிடிச்சு பாபிலோனுக்குக் கொண்டு போன பாத்திரம் பண்டம் ராஜா ஜனம் எல்லாம் திரும்பி வந்துரும்ங்கிறான். பாபிலோனுக்கு அடங்கி இருக்கணும்னு காட்ட எரேமியா கழுத்துல போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கவும் செய்றான், பாக்க எவ்வளவு நல்லா இருந்திருக்கும், கைதட்டி இருப்பாங்க. எரேமியா சொன்னதோ 70 வருஷம். இதுல எனக்குப் பிடிச்ச இடம், அனனியா பேசி முடிச்சதும் எரேமியா முதல்ல சொல்றது "ஆமென்". கர்த்தர் அப்படியே செய்வாராகங்கிறாரு. அவருக்கும் ரெண்டு வருஷத்துல முடியணும்னு தான் ஆசை, கெட்ட செய்தி சொல்றதுல அவருக்கு என்ன சந்தோஷம். ஆனா ஆசைப்பட்டதை கர்த்தர் சொன்னதா சொல்ல மாட்டேன்னு நின்னாரு.

அப்புறம் 29ம் அதிகாரத்துல பாபிலோன் சிறையிருப்புல இருக்கறவங்களுக்கு கடுதாசி எழுதுறாரு. வீடு கட்டி குடியிருங்க, தோட்டம் போட்டு அதோட கனியைச் சாப்பிடுங்க, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க, இருக்கற ஊரோட சமாதானத்தைத் தேடுங்க. 70ன்னு உண்மையைச் சொன்னதால தான் இதெல்லாம் சொல்ல முடியுது. அனனியா பேச்சைக் கேட்டவன் மூட்டையைக் கட்டி வச்சுட்டு ரெண்டு வருஷமும் சும்மா உக்காந்திருப்பான், வீடு கட்ட மாட்டான்.

நம்ம ஆளுங்களுக்கு 29ல எந்த வசனம் தெரியும்? 11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்". வாக்குத்தத்த கார்டுல, கார் கண்ணாடியில, மோதிர டப்பால கூட பாத்திருக்கேன். நல்ல வசனம், எனக்கும் உயிர். ஆனா அதுக்கு முந்தின வசனத்துல தான் 70 வருஷம் இருக்கு. அதை எந்த கார்டுலயும் அடிக்கிறதில்ல, விக்காது.

கிறிஸ்துமஸுக்கு முந்தி சபையில சில பேரு என்கிட்ட வந்து பேசுனாங்க, தப்பா எண்ணி வரல, பாசமாத்தான் வந்தாங்க. "ஐயா, ஜனங்க நொந்து போயிருக்கு, இந்த வருஷம் சோகமா எதுவும் வாசிக்காதீங்க, மேய்ப்பர், நட்சத்திரம் பாத்து வந்த சாஸ்திரிகளோட நிறுத்திக்குவோம், ஏரோது ராஜா பிள்ளைங்களைக் கொன்ன கதை வேண்டாம்"னு. காரணம் எனக்குத் தெரியும். எங்க சபையில அந்த வாரம் ஒரு வீட்ல அடக்கம். சின்னப் பிள்ளை. அதுக்கு மேல இங்க எழுத மாட்டேன். இன்னொரு பக்கம் ஃபோன்ல சுத்துன வீடியோ, இது எல்லாம் பாவத்துக்கு வந்த தண்டனைன்னு ஒருத்தர் காய்ஞ்ச தரையில நின்னுக்கிட்டு பேசுறாரு. அதைப் பாத்துட்டு அந்த வீட்டு ஆளுங்களே என்கிட்ட வந்து "நாங்க என்ன பண்ணிட்டோம் ஐயா"ன்னு கேட்டாங்க. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தப்போ, எருசலேம்ல மத்த எல்லாரையும் விட அவங்க பெரிய குற்றவாளிங்கன்னு நினைக்கிறீங்களோன்னு இயேசு கேட்டு, அப்படியில்லன்னு அவரே சொல்லிட்டாரு, லூக்கா 13ல இருக்கு. அதோட நிறுத்தாம, நீங்க மனந்திரும்புங்கன்னு கேட்டுக்கிட்டு இருந்தவங்களைப் பாத்து சொல்றாரு, செத்தவங்களைப் பாத்து இல்ல. வீடியோல பேசுறவங்க அந்த அதிகாரத்தை முழுசா ஒரு தரம் வாசிச்சா நல்லது. கோவமா எழுதுறேன்னு தெரியுது, இருக்கட்டும்.

சரி, கிறிஸ்துமஸ் காலையில ஆராதனை, இருட்டுலயே ஆரம்பிக்கணும். கரண்ட் இல்ல, தம்பி சொன்ன மாதிரியே தான். ஜெனரேட்டர் வாடகைக்கு இல்ல, இருந்தது எல்லாம் முகாமுக்குப் போயிருச்சு. பிரசங்க பீடத்துப் பெரிய பைபிள் தண்ணியில ஊறி பலாப்பழம் மாதிரி உப்பிப் போயி, திறந்தா தாள் தாளா பிஞ்சு வருது. என் வீட்டுக்காரி வச்சிருந்த சின்ன பைபிள் மேல்தட்டுல இருந்து தப்பிச்சுச்சு, ஆனா எழுத்து கடுகு சைஸ், மெழுகுவத்தி வெளிச்சத்துல என் கண்ணுக்கு ஒரு வரியும் தெரியல, காத்துல வத்தியும் அணைஞ்சு அணைஞ்சு போகுது. பின்னாடி வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருந்த தம்பி செருப்பைக் கழட்டிட்டு நடுவுல நடந்து வந்தாரு. ஒண்ணும் கேக்கல. தலையில இருந்த லைட்டைக் கழட்டி என் நெத்தியில மாட்டி, பின்னாடி இருக்கற எலாஸ்டிக்கை இழுத்து சரி பண்ணி, வெளிச்சம் புத்தகத்துல விழுற மாதிரி லைட்டை ஒரு கிளிக் கீழ சாய்ச்சு விட்டாரு. பட்டி நனைஞ்சு இருந்துச்சு, வேர்வையும் கிரீஸும் கலந்த வாடை. நான் வெள்ளை அங்கி வேற போட்டிருக்கேன். பிள்ளைங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்குதுங்க. ஏசாயா 9ல "இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள்"னு வாசிச்சுட்டு நிமிந்து சபையைப் பாத்தேனா, வெளிச்சம் நேரா முன் வரிசை ஆளுங்க கண்ணுல அடிச்சுருச்சு, எல்லாரும் கையை வச்சு மறைக்கிறாங்க. அவ்வளவுதான், மொத்த சபையும் சிரிச்சுருச்சு. வெள்ளம் வந்ததுக்கு அப்புறம் எல்லாரும் சேந்து சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன்.

அப்புறம் மத்தேயு 2. மேய்ப்பரோட நிறுத்தல, சாஸ்திரிகளோடயும் நிறுத்தல. எகிப்துக்கு ஓடுனதையும் வாசிச்சேன், பெத்லகேம் பிள்ளைங்களையும் வாசிச்சேன், "ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது"ங்கிற இடத்தையும் வாசிச்சேன், ஆறுதலடையாம இருந்தாள்ங்கிறது வரைக்கும். சத்தத்தைக் குறைக்கவும் இல்ல, கூட்டவும் இல்ல. பூச்சி எல்லாம் லைட்டுக்கு வந்து மூஞ்சியில அடிக்குது, தட்டி விடவும் முடியல, ஒரு கையில பைபிள், ஒரு கையில வரிக்கு விரல். விளக்கம் ரொம்ப சொல்லல. இயேசு பொறந்த ஊர்லயே இந்த அழுகை இருந்துச்சு, அதை வேதம் மறைக்கல, அந்த அம்மாமாருங்களை சமாதானம் பண்ணி வாயை மூடவும் இல்லன்னு மட்டும் சொன்னேன். அந்த வீட்டு அம்மா முன்னாடி பாய்ல உக்காந்திருந்தாங்க. ஆராதனை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் என்கிட்ட வந்தாங்க, நான் என்ன சொல்லப் போறாங்களோன்னு நிக்கிறேன், "ஐயா, அந்த ராகேல் வசனம் எத்தனாவது அதிகாரம்"னு கேட்டாங்க. 2:18ன்னு சொன்னேன். கையில எழுதிக் குடுக்கச் சொன்னாங்க, உள்ளங்கையில பேனாவால எழுதிக் குடுத்தேன்.

தம்பி வெளிய கடுங்காப்பி குடிச்சுக்கிட்டு நின்னாரு. "ஃபாதர், பொறந்த நாள் அன்னிக்கு எதுக்குங்க கொழந்தைங்க செத்தது"ன்னு கேட்டாரு. அதுலயே எழுதியிருக்கு தம்பின்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "எங்கூர்ல பாட்டிங்க ஒப்பாரி வைக்கற மாதிரி இருந்துச்சு"ன்னாரு. அப்ப 69ம் சங்கீதத்தையும் வாசிச்சுக் காமிச்சேன், "ஆழமான உளையில் அமிழ்ந்திருக்கிறேன், நிற்க நிலையில்லை". "இதை நம்ம ஊர்க்காரங்க யாரோ எழுதுன மாதிரியே இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டு எல்சி (லைன்ல வேலை செய்ய அனுமதி) குடுத்துட்டாங்கன்னு ஃபோன் வரவும் கிளம்பிட்டாரு.

இப்படி வேலை செய்றவங்களைப் பாத்தா எனக்கு நம்ம பழைய ஆளுங்க ஞாபகம் வருது. தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1708ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல பெயர்க்க ஆரம்பிச்சாரு, ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே தரங்கம்பாடி கோட்டையில டேனிஷ் அதிகாரி பிடிச்சு உள்ள வச்சுட்டாரு, நாலு மாசம். வெளிய வந்து விட்ட இடத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சு 1711ல முடிச்சாரு, 1715ல அச்சுல முழுசா வந்துருச்சு. யோயாக்கீம் ராஜா எரேமியாவோட சுருளைக் கத்தியால வெட்டி நெருப்புல போட்டப்பவும் எரேமியாவுக்கு எழுதிக் குடுத்த பாருக்குங்கிறவர் உக்காந்து திரும்ப எழுதுனாரு, முன்ன இருந்ததை விட அதிகமாவே எழுதுனாருன்னு இருக்கு. ஊறிப் போன பைபிளைப் பாத்து அழுத அக்காமாருங்களுக்கு இதைத்தான் சொன்னேன். தாள் போச்சு, வாசிக்க ஆளு இருக்கு.

"சமயம் வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும்" திருவசனத்தைப் பிரசங்கம்பண்ணுன்னு பவுல் தீமோத்தேயுக்கு எழுதுனதை உபதேசியார் வேலைக்கு வந்த அன்னிக்கு எனக்கு வாசிச்சாங்க. இப்ப எல்லாரு முன்னாடியும் பொருத்தனையா (கர்த்தருக்கு குடுக்குற வாக்கா) ஒண்ணு சொல்றேன், நான் தவறுனா என்னைக் கேளுங்க. இனிமே எரேமியா 29ல 11ம் வசனம் வாசிச்சா 10ம் வசனத்தையும் சேத்துத்தான் வாசிப்பேன். கர்த்தர் சொல்லாத தேதியை அவர் பேர்ல யாருக்கும் சொல்ல மாட்டேன், ஆஸ்பத்திரியிலயும் சொல்ல மாட்டேன், கடன்காரன் வீட்டு வாசல்லயும் சொல்ல மாட்டேன். அதுக்குப் பதிலா பானை வாங்கிட்டு வர முடிஞ்சா வாங்கிட்டு வருவேன்.

தம்பி, நீங்க இதைப் படிப்பீங்களான்னு தெரியல. சப்ளை வந்த அன்னிக்கு ஊரே கத்துன சத்தத்துல உங்க வண்டி போனதை நான் பாக்கல. பெரியம்மா சுகமா இருக்காங்க, பானையைத் திருப்பித் தரணுமான்னு கேக்குறாங்க. அன்னிக்குக் கோவப்பட்ட அண்ணாச்சி உங்க வீட்டுக்கு ஒரு பெட்டி கருப்பட்டி எடுத்து வச்சிருக்காரு, அட்ரஸ் அனுப்புங்க.

நம்ம ஆளுங்களுக்கு: புதன்கிழமை வீட்டு ஜெபத்துல எரேமியா 27ல இருந்து வரிசையா வாசிக்கப் போறோம், எதையும் தாண்டாம. கோயில் பைபிள் இன்னும் வெயில்ல காயுது, இருக்கறவங்க அவங்கவங்க பைபிளைக் கொண்டாங்க, இல்லாதவங்க பக்கத்துல இருக்கறவங்களோட சேந்து பாத்துக்கலாம்.

இப்படிக்கு,
உங்க உபதேசியார்